பட்டனா, பேண்டா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இசைத் தகராறு

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசன் தொடங்கும்போது ஒரு பழைய புகாரும் கூடவே கிளம்பும். மைதானத்தில் இருநூறு, முந்நூறு மாணவர்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் காதில் விழுவதெல்லாம் ஸ்பீக்கரில் போடும் பாட்டுத்தான் என்பது அந்தப் புகார். 'இந்தக் காலத்துப் பாட்டைப் போட்டால்தானே சூடு பிடிக்கும்' என்பது எதிர்த்தரப்பின் பதில். தூரத்திலிருந்து பார்த்தால் பழசு பிடித்தவர்களுக்கும் புதுசு பிடித்தவர்களுக்கும் நடக்கும் ரசனைச் சண்டை போலத் தெரியும். ஆனால் ரசனைக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். ஆட்டத்தின் கடிகாரம், ஒலி பயணிக்கும் வேகம், காப்புரிமைச் சட்டம், இருக்கை விலை ஆகிய நான்குமே பேண்டுக்குப் பாதகமாக அமைந்திருக்கின்றன. யாரும் பேண்டை ஒழிக்க முடிவெடுக்காமலேயே அது ஓரங்கட்டப்படுவது இதனால்தான்.

## முதலில் அடிப்படை

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க விளையாட்டு. மைதானம் 100 கெஜ நீளம். இரண்டு முனைகளிலும் 10 கெஜத்துக்கு 'எண்ட் ஸோன்' உண்டு. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் 'ஃபர்ஸ்ட் டவுன்', அதாவது இன்னும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அப்புறம் ஓர் இடைவெளி. கிரிக்கெட்டில் ஒரு பந்து முடிந்து பௌலர் திரும்பி நடக்கும் நேரத்தைப் போன்றது அது. இந்தத் தகராறு முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

கல்லூரி ஆட்டம் என்றதும் சின்னக் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தின் கொள்ளளவு 1,07,601. ஓஹியோ ஸ்டேட், பென் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானங்களிலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

மார்ச்சிங் பேண்டு என்பது நடந்தபடியே வாசிக்கும் மாணவர் வாத்தியக் குழு. டிரம்பெட், டிராம்போன், தோளைச் சுற்றி வளைத்து மாட்டிக்கொள்ளும் பெரிய சூசாஃபோன், பின்னால் 'டிரம்லைன்' எனும் தாளப் பிரிவு, எதிரே நின்று கையசைத்து நடத்தும் 'டிரம் மேஜர்' என்று அதற்கு ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலான உறுப்பினர்கள் இசை படிப்பவர்கள் கிடையாது. பொறியியல், உயிரியல், வணிகம் என்று வேறு ஏதாவது படித்துக்கொண்டே, கல்லூரி திறக்கும் முன் ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி முகாமுக்கு வருபவர்கள்.

இதன் வேர் ராணுவ பேண்டுகளில் இருக்கிறது. நோட்ர் டேம் பல்கலைக்கழக பேண்டு 1887இல் அங்கே கால்பந்து தொடங்கியதிலிருந்து வாசித்து வருகிறது. 1907இல் பர்டியூ பல்கலைக்கழக பேண்டு மைதானத்தில் ஆங்கில 'பி' எழுத்து வடிவில் நின்று காட்டியது. அணிவகுப்பு நடையிலிருந்து படம் வரையும் நடைக்கு பேண்டு மாறியது அப்போதுதான். 1936இல் ஓஹியோ ஸ்டேட் பேண்டு 'ஓஹியோ' என்ற சொல்லைக் கூட்டெழுத்தில் நடந்தே எழுதியது. அதில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளியாகப் போய் நிற்கும் வாய்ப்பு சூசாஃபோன் வாசிப்பவருக்குத்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பேண்டுக்கு ஆட்டநாளில் இரண்டு வேலைகள். ஒன்று, 20 நிமிட இடைவேளையில் மைதானத்தில் இறங்கிக் காட்டும் நிகழ்ச்சி. அதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. இரண்டு, ஆட்டம் நடக்கும்போது இருக்கைகளில் இருந்தபடி ஃபர்ஸ்ட் டவுனுக்கும் டச் டவுனுக்கும் (பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) தற்காப்புக்கும் வாசிக்கும் துண்டு இசைகள். பறிபோவது இந்த இரண்டாவது வேலை.

## கடிகாரம் யாருக்குச் சாதகம்

2008 முதல் கல்லூரிக் கால்பந்தில் 40 விநாடிக் கடிகாரம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு முயற்சி முடிந்ததும் அது ஓடத் தொடங்கும். 40 விநாடிக்குள் அடுத்த முயற்சியைத் தொடங்கியாக வேண்டும். வேகமாக ஆடும் அணிகள் அதில் பாதி நேரத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

இதோடு ஒலி விதி ஒன்றும் சேர்கிறது. தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி, ஓர் அணி தன் சமிக்ஞைகளைக் கேட்க முடியாதபடி பேண்டோ ஒலிபரப்பு இயக்குபவரோ சத்தம் எழுப்பக் கூடாது. மீறினால் சொந்த அணிக்கே தண்டனை. ரசிகர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். விதி கட்டுப்படுத்துவது பேண்டையும் ஸ்பீக்கரையும்தான்.

தங்களுக்குள் ஆடும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. ஒரு காலத்தில் இன்னும் கறாராக இருந்தது. ஸ்பீக்கர் இசையை டைம் அவுட், இடைவேளை போன்ற நேரங்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தது. 2014இல் அதைத் தளர்த்தி, அடுத்த முயற்சியைத் தொடங்க நடு வீரர் பந்தின் மேல் குனியும் வரை இசை போகலாம் என்றது. பேண்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே சலுகைதான். பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை விநாடிக் கணக்கில் பார்க்கலாம்.

1. முயற்சி முடிகிறது. யார் பிடித்தார், எத்தனை கெஜம் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். பல இடங்களில் அதோடு ஒரு விளம்பரதாரர் பெயரும் வரும். 5 முதல் 8 விநாடி போய்விடும்.

2. ஃபர்ஸ்ட் டவுனா இல்லையா என்று பேண்டு இயக்குநர் பார்த்து, எந்தத் துண்டு என்று சைகை காட்ட வேண்டும். அது வரிசை வரிசையாகப் பின்னால் போக வேண்டும். முந்நூறு பேர் வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். டிரம் மேஜர் எண்ண வேண்டும். நன்றாகப் பழகிய பேண்டுக்கே இதற்குச் சில விநாடிகள் ஆகும்.

3. நிமிடத்துக்கு 144 தட்டு வேகத்தில், நான்கு தட்டுத் தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் வாசிக்க 13 விநாடிக்குச் சற்று மேல் பிடிக்கும்.

4. கூட்டிப் பாருங்கள். 20 விநாடி தாண்டிவிட்டது. நடு வீரர் பந்தின் மேல் குனிந்துவிட்டால் பாதியில் நிறுத்த வேண்டும்.

ஸ்பீக்கர் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பாட்டின் சூடான இடத்தை முன்பே வெட்டி வைத்திருப்பார். பட்டனைத் தொட்ட உடனே வரும், விட்ட உடனே அடங்கும். அதனால் அறையில் இருப்பவர்களுக்கு பேண்டு ஒரு நிச்சயமில்லாத சமாச்சாரமாகவும் பட்டன் நம்பகமானதாகவும் தெரிகிறது. ஆட்ட நிகழ்ச்சி நிரல் விநாடி வாரியாக எழுதப்பட்டு, பேண்டு இயக்குநர் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு 'இப்போது நீங்கள்' என்ற அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை அங்கிருந்துதான் வந்தது. இதுதான் இந்த விவகாரத்தின் மையப் புள்ளி என்று நான் கருதுகிறேன். ஆட்டத்தைப் பார்த்து உடனே எதிர்வினை காட்டுவதுதான் பேண்டின் பலம். அனுமதி கேட்டு வாசிக்க வேண்டும் என்று ஆனதும் அந்தப் பலம் போய்விடுகிறது.

2024 முதல் மேல்நிலைப் பிரிவு அணிகளில் பயிற்சியாளர் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேசலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. சத்த விதி இனித் தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்தத் தொடர்பு கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் குரலைத்தான் நம்ப வேண்டும். ஆகவே விதி நீடிக்கும்.

## ஒலி எப்படிப் போகிறது

எண்ட் ஸோன்களையும் சேர்த்தால் மைதானம் 120 கெஜம், சுமார் 110 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலி போய்ச்சேர 0.32 விநாடி ஆகும். 144 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.42 விநாடி. அதாவது ஒரு முனையில் அடித்த தாளம் மறுமுனைக்குப் போவதற்குள் முக்கால் தட்டு நகர்ந்துவிடும்.

இதனால்தான் மைதானத்தில் பரவி நிற்கும் பேண்டு காதை நம்புவதில்லை. டிரம் மேஜரின் கையைக் கண்ணால் பார்த்துத்தான் தாளம் பிடிக்கிறார்கள். அல்லது எல்லோருக்கும் பின்னால் டிரம்லைனை நிறுத்தி, பின்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்துகொள்கிறார்கள். அப்போது தாளமும் மெட்டும் ஒன்றாகப் பார்வையாளரை அடையும். நூறாண்டுப் பழக்கத்தில் கண்டெடுத்த தீர்வு இது.

அடுத்தது சத்தத்தின் அளவு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் கேட்பவரோடு ஒப்பிட்டால் 160 மீட்டரில் இருப்பவருக்கு 24 டெசிபல் குறைவாகக் கேட்கும். கூட்டத்தின் கூச்சலோ 100 டெசிபலைத் தாண்டிவிடும். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் இதில் கரைந்தே போகும். ஓஹியோ ஸ்டேட் பேண்டு 1930களிலேயே மரக்குழல் வாத்தியங்களைக் கைவிட்டு, முழுக்கப் பித்தளை வாத்தியங்களுக்கும் தாளக் கருவிகளுக்கும் மாறியதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

சரி, பேண்டுக்கு மைக் வைத்து ஸ்பீக்கரில் விட்டால் என்ன? விடலாம், பலர் விடுகிறார்கள். ஆனால் எதிர்ப்புற ஸ்பீக்கரிலிருந்து தாமதமாகத் திரும்பி வரும் தங்கள் இசையே வாசிப்பவர்களின் காதில் விழுந்து தாளத்தைப் பின்னால் இழுக்கும். அருகில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே சுரம் இருமுறை கேட்கும். ஸ்பீக்கர்களுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு தாமதம் வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு ஒலிப் பொறியாளர் பேண்டுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். பதிவிசைக்கு இந்த உழைப்பு எதுவும் தேவைப்படாது.

## சட்டம் யார் பக்கம்

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாதது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

சூசாஃபோனுக்குப் பெயர் தந்தவர் ஜான் பிலிப் சூசா. அமெரிக்கக் கடற்படைவீரர் பேண்டை 1880 முதல் 1892 வரை நடத்தியவர். 1906இல் அவர் ஒரு கட்டுரை எழுதி, இயந்திர இசை பரவினால் மக்கள் தாங்களே வாசிக்கும் பழக்கம் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். அதே ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன்பும் போய் வாதாடினார். அதையடுத்து வந்த 1909 காப்புரிமைச் சட்டம், இயந்திரத்தில் பதியும் ஒவ்வொரு பிரதிக்கும் இசையமைப்பாளருக்கு 2 சென்ட் கிடைக்க வழி செய்தது. ஒலிப்பதிவு என்ற பொருளுக்குத் தனி உரிமை ஏதும் அப்போது தரப்படவில்லை. அந்த இடைவெளியின் மிச்சம் இன்றும் மைதானத்தில் வேலை செய்கிறது. எப்படி என்றால்:

1. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று.

2. மெட்டைப் பொது இடத்தில் இசைக்க அதன் உரிமையாளருக்குப் பணம் தர வேண்டும். ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகளிடம் பல்கலைக்கழகம் மொத்தமாக ஆண்டு உரிமம் வாங்கிவிடும். பேண்டு வாசித்தாலும் ஸ்பீக்கரில் போட்டாலும் இந்த உரிமமே போதும்.

3. ஒலிப்பதிவுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1972இல்தான் பாதுகாப்புத் தந்தது. பொது இடத்தில் ஒலிக்கவிடுவதற்கான உரிமையை 1995இல் சேர்த்தபோதும் இணையம் போன்ற டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டுமே சேர்த்தது. ஆக, மைதான ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டால் பாடகருக்கோ இசை நிறுவனத்துக்கோ ஒரு காசும் தர வேண்டியதில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவை ஒலிக்கவிடத் தனி உரிமம் தேவை என்பதால் நமக்கு இது விநோதமாகத் தோன்றும்.

4. பேண்டு அதே பாட்டைத் தன் வாத்தியங்களுக்கேற்ப மாற்றி எழுதினால் அது புதிய ஆக்கமாகக் கருதப்படும். அதற்குப் பதிப்பாளரிடம் தனி அனுமதி வாங்கி, பாட்டுக்குப் பாட்டு கட்டணம் கட்ட வேண்டும். மாற்றி எழுதும் இசையாளருக்கும் சம்பளம் உண்டு. அப்புறம் ஒத்திகை.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வார ஹிட் பாட்டை ஸ்பீக்கரில் போட, இருக்கும் உரிமத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். பேண்டு வாசிக்க அனுமதி, கட்டணம், எழுத்து வேலை, ஒத்திகை எல்லாம் வேண்டும். பேண்டு ஏன் பழைய பாட்டையே வாசிக்கிறது என்று கேலி செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மிச்சிகனின் 'தி விக்டர்ஸ்' 1898இல் எழுதப்பட்டது, விஸ்கான்சினின் 'ஆன், விஸ்கான்சின்' 1909இல். காப்புரிமைக் காலம் முடிந்த இவற்றை யாரிடமும் கேட்காமல் வாசிக்கலாம்.

## இருக்கையும் திரையும்

பேண்டு மைதானத்தின் நடுப்பக்கத்தில் உட்கார்ந்தால் இரு முனைக்கும் கேட்கும். ஆனால் விலை அதிகமான இருக்கைகள் இருப்பதும் அங்கேதான். எனவே பல மைதானங்களில் பேண்டு மூலைக்கோ எண்ட் ஸோனுக்கோ தள்ளப்பட்டிருக்கிறது. ராட்சதத் திரைகள் வந்த பிறகு இடைவெளிகள் காசாகத் தொடங்கின. திரையில் ஓடும் விளம்பரக் காணொளிக்கு அதன் சொந்த ஒலி உண்டு. அது ஓடும்போது பேண்டு வாயை மூடியாக வேண்டும்.

## பதிவிசையின் தரப்பு

பதிவிசையை வெறுப்பது சரியாகாது. விஸ்கான்சினில் மூன்றாவது கால்பகுதிக்கும் நான்காவதற்கும் இடையே 1998 முதல் 'ஜம்ப் அரவுண்ட்' என்ற ராப் பாட்டு ஒலிக்கிறது. மாணவர் பகுதி மொத்தமும் குதிக்கும். 2003இல் கட்டடம் அதிர்கிறதே என்று நிர்வாகம் அதை நிறுத்தியது. மாணவர்கள் கொதித்தார்கள். கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று பொறியாளர்கள் சொன்னதும் பாட்டு திரும்பி வந்தது. வர்ஜீனியா டெக் அணி 2000 முதல் மெட்டாலிகா ராக் குழுவின் 'என்டர் சாண்ட்மேன்' ஒலிக்க மைதானத்துக்குள் ஓடி வருகிறது. இவையும் இப்போது மரபுதான். கனத்த பேஸ் ஒலியும் பாடகரின் அதே குரலும் தரும் விளைவை பேண்டால் தர முடியாது.

ஆனால் இரண்டு எடுத்துக்காட்டிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு பாட்டு, குறிப்பிட்ட ஒரு நேரம். அதனால்தான் அதற்கு மதிப்பு. ஒவ்வொரு இடைவெளியிலும் எட்டு விநாடித் துண்டு போடும் வழக்கத்தால் எந்த மரபும் உருவாவதில்லை. எல்லா ஊரிலும் அதே துண்டுகள்தான் ஒலிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டால் ஜார்ஜியாவா ஒரிகனா என்று சொல்ல முடியாது.

## பேண்டு மட்டும் தருவது

ஓஹியோ ஸ்டேட் பேண்டு 1965இல் 'ஹேங் ஆன் ஸ்லூப்பி' என்ற அப்போதைய ஹிட் பாட்டை மாற்றி எழுதி வாசித்தது. கூட்டம் பிடித்துக்கொண்டது. 1985இல் அது ஓஹியோ மாநிலத்தின் அதிகாரப்பூர்வ ராக் பாட்டாகவே ஆனது. டென்னசி பேண்டு 1972இல் எடுத்துக்கொண்ட 'ராக்கி டாப்' 1982இல் மாநிலப் பாடல்களில் ஒன்றானது. இரண்டுமே அந்தந்தக் காலத்தின் வெகுஜனப் பாட்டுகள். பேண்டு வாசித்ததால் ஊரின் சொத்தாயின.

இதில் எல்லோருக்கும் முன்னோடி, கறுப்பின மாணவர்களுக்காக வரலாற்று ரீதியில் நிறுவப்பட்ட கல்லூரிகள். லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழக பேண்டுக்கு 'மனித ஜூக்பாக்ஸ்' (காசு போட்டால் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டி) என்றே பட்டம். வானொலியில் ஓடும் புதுப் பாட்டைக் கையோடு எடுத்து வாசித்துவிடுவார்கள். அதன் போட்டியாளரான கிராம்ப்ளிங் ஸ்டேட் பேண்டு 1967இல் தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் முதன்முதலில் நடந்தபோதே அதன் இடைவேளையில் வாசித்தது. இந்த இரு கல்லூரிகளும் ஆண்டுதோறும் நியூ ஆர்லியன்ஸில் மோதும் பேயூ கிளாசிக்கில், ஆட்டத்துக்கு முந்தைய நாள் பேண்டுகளின் போட்டி தனியாக நடக்கும். அதற்கென்றே டிக்கெட் வாங்கி வருபவர்கள் உண்டு. இந்தக் கல்லூரிகளின் ஆட்டங்களில் இறுதி விசிலுக்குப் பிறகு 'ஐந்தாவது கால்பகுதி' என்று இரு பேண்டுகளும் மாறி மாறி வாசிக்கும், கூட்டம் எழுந்து போகாது. இளைஞர்களுக்கு பேண்டு பிடிக்காது என்ற வாதம் இங்கே செல்லாது. பேண்டுக்கு இடமும் நேரமும் பணமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கல்லூரிகளே சான்று.

## செய்யக்கூடியவை

1. ஃபர்ஸ்ட் டவுன், டச் டவுனுக்குப் பிந்தைய நிமிடம், எதிரணியின் மூன்றாவது முயற்சிக்கு முந்தைய இடைவெளி ஆகிய மூன்றையும் பேண்டுக்கே நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். ஹெட்செட்டில் அனுமதி கேட்கும் வழக்கமே அங்கே கூடாது.

2. பதிவிசைக்கு அணி நுழைவு, நான்காவது கால்பகுதித் தொடக்கம் போன்ற சில தருணங்கள் போதும்.

3. பேண்டின் மாற்றி எழுதும் செலவையும் அனுமதிக் கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை ஏற்க வேண்டும். புதுப் பாட்டு வேண்டும் என்று கேட்பது அந்தத் துறைதான்.

4. மைதானத்தைப் புதுப்பிக்கும்போது பேண்டை நடுப்பக்கத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். இது நான்கிலும் கடினமானது, ஏனென்றால் இருக்கை வருமானம் குறையும்.

## இனி வரும் நெருக்கடி

அடுத்த சில ஆண்டுகளில் அழுத்தம் கூடத்தான் போகிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகள் தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது வெட்டப்பட வேண்டும். 2024இல் கூட்டமைப்புகளும் மாறின. லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் நகரப் பல்கலைக்கழகங்கள் இப்போது நியூ ஜெர்சி, மேரிலாந்து அணிகளோடு ஒரே கூட்டமைப்பில் ஆடுகின்றன. பேருந்தில் போய் வந்த பேண்டு விமானத்தில் போக வேண்டும். முந்நூறு பேரையும் சூசாஃபோன்களையும் ஏற்றிச் செல்வதற்குப் பதில் முப்பது பேரை மட்டும் அனுப்புவதோ யாரையுமே அனுப்பாமல் விடுவதோ எளிது.

பேண்டின் செலவு சில பல்கலைக்கழகங்களில் இசைத் துறையின் கணக்கில் இருக்கிறது, சிலவற்றில் விளையாட்டுத் துறையின் கணக்கில், வேறு சிலவற்றில் மாணவர் கட்டணத்தில். முதல் வெட்டு எங்கே விழும் என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கும். முன்னாள் மாணவர்களும் ரசிகர்களும் தங்கள் பல்கலைக்கழகத்திடம் இப்போதே கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.